இந்தக் கதவு யாருக்குத் திறக்கும்?

கணிப்பொறியைப் பற்றி எழுத வந்தவள் கிணற்றங்கரையிலிருந்து தொடங்குகிறாளே என்று நண்பர்கள் வியக்கலாம். நான் சொல்ல வந்த செய்தி, கிணற்றங்கரையில் ஓர் ஆச்சி கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குவதுதான் முறை.

எங்கள் குடும்பம் பாறசாலைக்குப் பிழைக்க வந்த குடும்பம். நெல்லைச் சீமையிலிருந்து துணிமூட்டையைத் தலையில் சுமந்து வந்த தாத்தா, எல்லையோரத்திலேயே தங்கிவிட்டார். அந்த மண்ணின் கிணற்று நீரைச் சோதிப்பதை என் முதுநிலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் 62 கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒரு புட்டி நீர். ஒவ்வொரு வீட்டிலும் சில கேள்விகள். எத்தனை பேர் குடிக்கிறீர்கள், கொதிக்க வைக்கிறீர்களா, வீட்டில் யாருக்கேனும் நோய் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன்.

ஒரு வீட்டில் ஆச்சி தம் மருமகளின் நோயைச் சொன்னார். அது என்ன நோய் என்பதை இங்கும் நான் எழுதப்போவதில்லை. சொல்லி முடித்ததும் என் குறிப்பேட்டைத் தொட்டு, "பிள்ளே, இதை ஆரெல்லாம் படிப்பாவ?" என்று கேட்டார். பேத்திக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வீடு அது.

"நானும் எங்க சாரும் மட்டுந்தான் ஆச்சி" என்றேன்.

அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. எப்படித் தவறினேன் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

ஒன்பது எழுத்துகள்

கணிப்பொறியில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை அதன் இயக்க அமைப்பு காவல் செய்கிறது. யூனிக்சு வழிவந்த அமைப்புகளில் இந்தக் காவலுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. உலகத்தாரை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது: கோப்பின் உடையவர், அவருடைய குழுவினர், மற்றையோர். ஒவ்வொரு வகையாருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள். மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது. திரையில் ஒன்பது எழுத்துகளாக அவை தோன்றும். இல்லாத உரிமைக்கு ஒரு சிறு கோடு நிற்கும்.

படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பிட்டுக் கூட்டுவது வழக்கம். 640 என்றால் உடையவர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்கலாம், மற்றையோருக்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கிணற்றில் வீட்டார் இறைக்கலாம், பங்காளிகள் குடிக்கலாம், வழிப்போக்கருக்கு வாளி இல்லை என்பது போன்ற ஏற்பாடு இது.

எளிய முறைதான். ஆனால் குழுவில் இல்லாத ஒரே ஒருவருக்கு மட்டும் உரிமை தரவேண்டுமானால் என்ன செய்வது? இதற்கு ஒன்பது எழுத்துகள் போதா. ஆள்தோறும், குழுதோறும் தனித்தனி வரி எழுதிய பட்டியல் வேண்டும். அதுவே அணுகல் அனுமதிப் பட்டியல். இந்தக் கருத்து புதியதன்று. அமெரிக்காவில் மல்ட்டிக்ஸ் என்னும் அமைப்பை வடிவமைத்தபோது, டேலி, நியூமன் ஆகிய இருவர் 1965இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இது இருக்கிறது. யூனிக்சு வழியினருக்குப் பொதுவான ஒரு முறையை வகுக்கப் பின்னாளில் முயன்றார்கள். அம்முயற்சி 1997இல் தன் 17ஆவது வரைவோடு நின்று, முறைப்படி நிறைவேறாமலே கைவிடப்பட்டது. ஆயினும் அந்த வரைவைத் தழுவியே லினக்சு முதலிய அமைப்புகள் தங்கள் பட்டியலை அமைத்துக்கொண்டன.

செம்பில் ஒரு பட்டியல்

கணிப்பொறிக்கு முன்பே மனிதர் இத்தகைய பட்டியல்களை எழுதியிருக்கிறார்கள். எங்கள் எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்து முஞ்சிறையை அடுத்துள்ளது பார்த்திபபுரம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் அங்கே ஒரு கோயிலும் சாலையும் நிறுவினான். சாலை என்பது இங்கே கல்விச்சாலை. அதன் செப்பேடு 95 மாணவருக்கு இடம் வகுக்கிறது. வேதக் கிளைக்கு ஒன்றாக மூன்று குழுக்கள். அவற்றுக்கு முறையே 45, 36, 14 இடங்கள். உள்ளே இருப்போர் நடந்துகொள்ள வேண்டிய முறையும், தவறினால் தண்டமும் அதில் உண்டு. குழு, அதற்குரிய இடம், அதற்குரிய விதி என்று பார்த்தால் அதுவும் ஓர் அனுமதிப் பட்டியலே. அந்தச் சாலைக்கு வெளியே வயலில் நின்ற பெருங்கூட்டத்தாருக்கு அதில் ஒரு வரியும் இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

செப்பேடு ஒருவகையில் நன்று. எழுத்தறிந்தவர் எவரும் எடுத்துப் படிக்கலாம். கணிப்பொறியின் பட்டியலோ அப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி கிடப்பதில்லை.

எட்டு எட்டாக எண்கள்

லினக்சில் ஒரு கோப்பின் அனுமதிப் பட்டியல், கோப்போடு ஒட்டிய ஒரு சிறு எண்வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. முதல் 4 பைட்டுகள் பட்டியலின் பதிப்பு எண். அதன் பின் ஒவ்வோர் உரிமை வரிக்கும் 8 பைட்டுகள்: முதல் இரண்டு, வரி எந்த வகை என்பதைச் சொல்லும், அடுத்த இரண்டு, உரிமை, கடைசி நான்கு, ஆளின் அல்லது குழுவின் எண். என் கோப்பில் ஐந்து வரிகள் இருந்தன. நான்குடன் நாற்பது சேர்ந்து 44 பைட்டுகள். அவற்றுள் ஒரு வரி இது:

8, 0, 4, 0, 26, 4, 0, 0

சிறிய இலக்கம் முன்னால் வரும்படி எழுதுவது இங்கே மரபு. வகை 8 என்றால் பெயர் சுட்டிய குழு. உரிமை 4 என்றால் படித்தல். கடைசி நான்கில் 26உடன் 4 பெருக்கல் 256ஐக் கூட்டினால் 1050. ஆக, "1050 என்னும் எண்ணுடைய குழு படிக்கலாம்" என்று பொருள். அந்த 1050, எங்கள் முதுநிலை வகுப்பு முழுவதும். இந்த எட்டு எண்களைப் பார்த்து இதை உணரக்கூடியவர் எத்தனை பேர்?

ஆகவே எண்களை எழுத்தாக்கும் பணி தேவையாகிறது. அதற்கென நூலகத்தில் ஒரு செயற்கூறு இருக்கிறது; ஏசிஎல்-டு-டெக்ஸ்ட் என்று பெயர். பட்டியலை அதனிடம் கொடுத்தால் வாசகமாகத் திருப்பித் தரும். அந்த வாசகத்துக்காக அது எடுத்த நினைவிடத்தை, வேலை முடிந்ததும் நாமே விடுவிக்க வேண்டும். அது செய்யும் வேலையை நாமே நிரலாக எழுதினாலும் படிகள் இவைதாம்.

ஒன்று, வரிகளை ஒவ்வொன்றாக எடுப்பது. இரண்டு, வகை எண்ணைச் சொல்லாக்குவது: 1 உடையவர், 2 பெயர் சுட்டிய ஆள், 4 உடைய குழு, 8 பெயர் சுட்டிய குழு, 16 வரம்பு, 32 மற்றையோர். மூன்று, ஆளின் எண்ணைக் கணக்குப் பதிவேட்டில் தேடிப் பெயராக்குவது. நான்கு, உரிமை எண்ணைப் படித்தல், எழுதுதல், இயக்குதல் எனப் பிரிப்பது. ஐந்து, வரம்பைக் கணக்கிட்டு உண்மையில் செல்லுபடியாகும் உரிமையைச் சொல்வது.

நான்காம் படி வரை ஒரு நாள் வேலை. நான் விழுந்தது ஐந்தாம் படியில்.

வரம்பு என்னும் வரி

வகை 16 ஆகிய வரம்பை ஆங்கிலத்தில் மாஸ்க் என்பர். பெயர் சுட்டிய ஆட்களும் குழுக்களும், உடைய குழுவும் எவ்வளவு உரிமை பெற்றிருந்தாலும், வரம்பில் உள்ளதற்கு மேல் ஒன்றும் செல்லாது. வரியிலும் இருக்க வேண்டும், வரம்பிலும் இருக்க வேண்டும். இரண்டிலும் இருப்பதே செல்லும். வரியில் 6, வரம்பில் 4 என்றால் கிடைப்பது 4. வரியில் 4, வரம்பில் 0 என்றால் கிடைப்பது ஒன்றுமில்லை. உடையவருக்கும் மற்றையோருக்கும் இந்த வரம்பு பொருந்தாது.

ஏட்டில் உரிமை, வாசலில் இல்லை என்பது எங்கள் பக்கத்து மக்களுக்கு விளங்காத செய்தியன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது. அந்த ஆணையை நம்பி நெய்யாற்றின்கரை வட்டத்து ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றார். பள்ளியையே தீயிட்டுவிட்டார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று அங்கே நினைவாகக் காக்கப்படுகிறது. பட்டியலில் இருந்த உரிமையை, எழுதாத ஒரு வரம்பு விழுங்கிவிட்டது.

என் கதையில் நடந்தது இதற்கு மறுதலை. கேளுங்கள்.

முதலில் அந்தக் கோப்பில் நீரின் அளவுகள் மட்டும் இருந்தன. ஆகவே வகுப்புத் தோழர் பார்க்கட்டும் என்று 1050ஆம் குழுவுக்குப் படிக்கும் உரிமை கொடுத்தேன். பிறகு வீட்டுச் செய்திகளைச் சேர்த்தபோது, பழைய பழக்கத்தில் கோப்பை 600 ஆக்கினேன். திரையில் உடையவரின் உரிமை மட்டும் நின்றது; மற்ற இடமெல்லாம் கோடுகள். மனம் நிறைந்தது. கடைசியில் ஒரு சிறு கூட்டல் குறி நின்றதை நான் பொருட்படுத்தவில்லை. "இங்கே பட்டியல் ஒன்று உண்டு, அதையும் பார்" என்பதே அந்தக் குறியின் பொருள்.

பட்டியல் உள்ள கோப்பில், நடுவில் நிற்கும் மூன்று எழுத்துகள் குழுவின் உரிமையைக் காட்டுவதில்லை, வரம்பைக் காட்டுகின்றன. ஆகவே நான் 600 என்று இட்டபோது வகுப்புக் குழுவின் வரி அழியவில்லை. வரம்பு 0 ஆனது; வரி உறங்கியது. சில வாரங்கள் கழித்து ஆசிரியர் பார்க்க வேண்டுமென்று 640 ஆக்கினேன். அவர் இருந்தது கோப்பை உடைய குழுவில். வரம்பு 4 ஆனது. ஆசிரியருக்குக் கதவு திறந்தது. அதே நொடியில் உறங்கிக் கிடந்த 1050ஆம் குழுவும் விழித்துக்கொண்டது.

பதினொரு நாட்கள் அந்தக் கதவு திறந்து கிடந்தது. ஒருநாள் உணவு விடுதியில் இளைய மாணவி ஒருத்தி, "அக்கா, உங்க ஊர்ல அந்த வீட்டு மருமகளுக்கு இப்போ உடம்பு எப்படி இருக்கு?" என்று பரிவோடு கேட்டாள். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

வாசகம் சொல்ல வேண்டியவை

அன்றிரவு பட்டியலை வாசகமாக்கிப் பார்த்தேன். வரம்பால் தடைபட்ட வரிகளுக்குப் பக்கத்தில் "உண்மையில் செல்லுபடியாவது இவ்வளவு" என்று குறிப்பெழுதும் வசதி நூலகத்தில் உண்டு. அதற்குரிய விருப்பத்தை நிரல் எழுதுவோர் கேட்டுப் பெற வேண்டும். 600 ஆக்கிய அன்றே பார்த்திருந்தால், வகுப்புக் குழுவின் பெயரும், அதற்குப் பக்கத்தில் மூன்று கோடுகளும் கண்ணில் பட்டிருக்கும். வரியையே நீக்கியிருப்பேன்.

எண்ணைப் பெயராக்குவதிலும் ஓர் இடறு உண்டு. கோப்பு பெயரை அறியாது, எண்ணை மட்டும் அறியும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு ஆள் இல்லையென்றால் வெறும் எண்ணையே எழுதிவிடும். படித்து முடித்துப் போனவரின் எண்ணைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டால், பழையவருக்கு நாம் தந்த உரிமை புதியவர் கைக்குப் போய்விடும். கோப்பை எண்களோடு வேறொரு கணிப்பொறிக்குப் பெயர்த்தால், அதே எண் அங்கே வேறொருவராக இருக்கக்கூடும். நிலத்தின் சர்வே எண் கிராமத்தின் பெயரோடு சேர்ந்தால்தான் பொருள்படும். பாறசாலையில் ஓர் எண் சுட்டும் தோப்பு வேறு, எல்லை தாண்டி அதே எண் சுட்டும் வயல் வேறு அல்லவா? ஆகையால் நல்ல வாசகம் பெயரையும் எண்ணையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

வாசகம் சரியா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாசகத்தை மீண்டும் பட்டியலாக்கும் செயற்கூறும் நூலகத்தில் இருக்கிறது. எண்ணை எழுத்தாக்கி, எழுத்தை எண்ணாக்கி, முதலில் இருந்ததோடு ஒப்பிட்டால், வழியில் ஏதும் சிந்தியதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் எந்த வாசகமும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. கோப்புக்குப் போகும் வழியிலுள்ள அடைவுகளின் உரிமை அந்தக் கோப்பின் பட்டியலில் இல்லை. அடைவில் முன்னியல்பாக ஒரு பட்டியல் வைத்திருந்தால், அதில் புதிதாகப் பிறக்கும் கோப்புகளெல்லாம் அதை மரபுரிமையாகப் பெறும். அமைப்பின் தலைமைக் கணக்கை உடைய நிர்வாகிக்கு எந்தப் பட்டியலும் தடையில்லை. "நானும் எங்க சாரும் மட்டுந்தான்" என்று நான் சொன்ன சொல், அந்தப் பதினொரு நாட்களுக்கு முன்பும் முழு உண்மையாக இருக்கவில்லை. மறையாக்கிச் சேமித்து, திறவுகோலை வேறிடத்தில் வைத்திருந்தால்தான் அதற்கு அருகில் வந்திருக்கும்.

மீண்டும் கிணற்றங்கரைக்கு

வகுப்புக் குழுவின் வரியை நீக்கினேன். வீட்டுச் செய்திகளைத் தனிக் கோப்பாக்கி மறையாக்கினேன். ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். படித்த மாணவியிடம், இனி யாரிடமும் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எஞ்சியது ஆச்சி.

எல்லையோரத்தில் எழுத்து என்பதே ஒரு வரம்பு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பேச்சில் எங்கள் ஆச்சி இரு மொழிக்காரர். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். தம் வீட்டு நிலத்தின் ஆதாரத்தைக்கூடப் பிறர் படித்துச் சொல்லித்தான் அறிந்தவர். அவரிடம் ஆங்கில எழுத்தும் கோடும் கூட்டல் குறியும் நிறைந்த ஒரு தாளை நீட்டுவதில் என்ன பயன்?

ஆகவே அந்தப் பட்டியலைத் தமிழ் வாக்கியங்களாக்கும் ஒரு சிறு நிரலை எழுதினேன். பழைய பட்டியலை அதில் இட்டால் இப்படி எழுதும்: "கோப்பின் உடையவர் படிக்கலாம், எழுதலாம். முதுநிலை வகுப்புக் குழுவுக்கு (1050) படிக்க உரிமை எழுதப்பட்டிருக்கிறது. வரம்பு தடுப்பதால் இப்போது செல்லாது. வரம்பைத் தளர்த்தினால் செல்லும். மற்றையோருக்கு உரிமை இல்லை. நிர்வாகியை இப்பட்டியல் தடுக்காது." கடைசி வாக்கியம் பட்டியலில் இல்லாதது, நான் வேண்டுமென்றே சேர்த்தது.

அடுத்த விடுமுறையில் பழைய தாள் ஒன்றும் புதிய தாள் ஒன்றுமாக ஆச்சி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனி முதல்லேந்து வாசி" என்றார். வாசித்தேன். மருமகள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நிர்வாகி என்ற இடம் வந்ததும் ஆச்சி கையை உயர்த்தி, "அது ஆரு பிள்ளே? நீ அண்ணைக்கு ரெண்டு பேருன்னுல்லா சொன்ன?" என்று கேட்டார்.

விளக்கினேன். "அண்ணைக்கே இத வாசிச்சுக் காட்டியிருந்தா நான் எதைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார். அவர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. மருமகளின் விருப்பப்படி அந்த வீட்டின் நோய்க் குறிப்பை அன்றே அழித்தேன். நீரின் அளவுகளை வைத்துக்கொள்ள இசைந்தார்கள்.

இப்போது எந்த வீட்டிலும் குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன் அந்தத் தமிழ்த் தாளை வாசித்துக் காட்டுகிறேன். சிலர் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்கிறார்கள். சிலர் நீரை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டும் அவர்கள் உரிமையே.

அறிவியல் பயிலும் நண்பர்களே! நம் கணிப்பொறிகளில் பிறர் நம்பித் தந்த செய்திகள் பல கிடக்கின்றன. இன்றிரவு உங்கள் கோப்புகளை ஒருமுறை வரிசையிட்டுப் பாருங்கள். எதன் பக்கத்திலாவது அந்தச் சிறு கூட்டல் குறி இருந்தால், அதன் பட்டியலை எழுத்தாக்கி, ஒரு வரி விடாமல் படியுங்கள். அந்தக் கோப்பு யாரைப் பற்றியதோ, அவருக்கும் படித்துக் காட்ட முடியுமானால் காட்டுங்கள்.